காப்புக்குள் சுற்றிய நூல்

எஸ்தரிடம் வம்புக்குப் போய் மூக்குடைபடாமல் திரும்பியவர்கள் பிள்ளையார்பாளையத்தில் குறைவு. அங்கன்வாடி டீச்சர் என்றால் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, சத்துமாவு உருட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள்தானே என்று நினைத்தவர்களுக்கு அவள் முதல் மாதமே பதில் சொல்லிவிட்டாள். ஐயம்பேட்டைப் பக்கத்துக்காரி, கொத்தனார் சாமுவேலின் மகள், தாத்தா அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர் என்பதெல்லாம் அவள் சொல்லாமலே தெருவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நெசவு வீட்டில், பிள்ளையை நீங்கள் தொட வேண்டாம், நாங்களே தராசில் வைக்கிறோம் என்றார்கள். தொடாமல் உயரம் அளக்க எனக்கு மந்திரம் தெரியாது, தெரிந்தவர் இருந்தால் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றாள். முக்கால் மணி நேரம் நின்றாள். கடைசியில் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளை இன்று காலேஜுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, டீச்சர் வர்றீங்களா என்று கேட்கிறது.

அளவு விஷயத்தில் அவளுக்குத் தனிப் பிடிவாதம். தராசும் உயரப் பலகையும் சேர்ந்து, இந்த உயரத்துக்கு இந்த எடை போதுமா என்று சொல்லும். மேற்கையின் நடுவில் சுற்றுகிற மூன்று நிற டேப் தன் பங்குக்கு வேறொன்று சொல்லும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனி, பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. எடைக்கும் கைபேசிச் செயலி இதே மூன்று நிறம்தான் காட்டும். இரண்டும் ஒரே பிள்ளையைத்தான் சிவப்பாகக் காட்டும் என்று அவளோடு பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். எஸ்தர் கண்ணால் பார்த்திருக்கிறாள். நெடுநெடுவென்று வளர்ந்து காய்ந்து கிடக்கிற பிள்ளைக்குத் தராசு அலறும், டேப் பேசாமல் மஞ்சளில் நிற்கும். வளர்த்தியே நின்றுபோன பிள்ளைக்கு எடையும் குறைவு, உயரமும் குறைவு. குறைவும் குறைவும் பொருந்திப்போவதால் தராசு திருப்தியாக இருக்கும், டேப் மட்டும் சிவக்கும். எது ஒன்று சிவந்தாலும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றுதான் விதியும் சொல்கிறது. அதைக் கடைசிப் பக்கம் வரை படிக்கத்தான் ஆளில்லை.

இந்த வைகாசியில் அவள் மல்லுக்கு நின்றது நீலாம்பாள் என்ற ஒன்றே கால் வயதுப் பெண் குழந்தைக்காக. தாய் ஏலவார்குழலி தறியில் உட்காருபவள். தாத்தா கலியாணசுந்தரம் அந்தத் தெருவில் நாலு பேர் மதிக்கிற நெசவுக்காரர். போன கார்த்திகையில் பேத்தியின் கையில் வெள்ளிக் காப்புப் போட்டவர் அவர்தான். வேண்டுதல் காப்பு அது. ஆடியில் குலதெய்வத்துக்கு மொட்டை போடுகிறவரை கையை விட்டு இறங்கக் கூடாது. பிள்ளைக்கு மாதம் ஒருமுறை வயிற்றுப்போக்கு, நடுநடுவே சளி. அழாத குழந்தை, சாது என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். தெம்பு இல்லாமல்தான் அது அழவில்லை என்று எஸ்தருக்குப் பிறகுதான் புரிந்தது.

மையத்தில் இருந்த பழைய டேப் கிழிந்து, புதியது கேட்டு நாலு முறை எழுதி, இந்த மாதம்தான் வந்தது. அதுவரை தராசை மட்டும் நம்பி மாதாமாதம் செயலியில் மஞ்சள் என்று ஏற்றிக்கொண்டிருந்தாள். புது டேப்பை நீலாவின் மேற்கையில் சுற்றினால் பதினொன்று புள்ளி இரண்டு. தராசு அன்றைக்கும் மஞ்சள்தான். இன்னொரு பெரிய வயிற்றுப்போக்கு வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று எஸ்தருக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு என்று ஏற்றினாள். பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கும் வார்டில் உடனே சேர்க்கச் சொல்லி ஏலவார்குழலியிடம் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் புவனேஸ்வரி வந்து நின்றார். கெட்டவர் இல்லை, ஆனால் மேலே இருப்பவர்கள் இருமினால் இவருக்குக் காய்ச்சல் வரும். வெள்ளிக்கிழமை விழா. சிவப்பே இல்லாத மையம் என்று எஸ்தரின் மையத்துக்குப் பலகை கொடுப்பதாக இருந்தது. அதை மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்தாகிவிட்டது.

“எடைக்குச் செயலியில மஞ்சள்தானே காட்டுது எஸ்தர்? டேப்ப கொஞ்சம் தளர்த்திப் புடிம்மா. மூணு மில்லிமீட்டர்ல என்ன ஆயிடப் போவுது?”

“அந்த மூணு மில்லிமீட்டர் சதை அவ கையில இல்ல மேடம். இல்லாதத நான் எங்கேர்ந்து எழுதறது?” என்றாள் எஸ்தர்.

புவனேஸ்வரிக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி, என் கண் முன்னால் அளந்து காட்டு, அந்த வீட்டிலும் சம்மதிக்கிறார்களா பார்ப்போம் என்று கிளம்பினார். வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எஸ்தருக்கும் தெரியும்.

வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரம் தறியை நிறுத்திவிட்டு வந்தார். மருமகள் நேற்றே சீட்டைக் காட்டியிருக்கிறாள், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“சோத்துக்குப் பஞ்சமா இந்த வீட்ல? சாமிக்குச் சேலை நெய்யற குடும்பம்மா இது. சிவப்புன்னு எழுதிட்டா நாளைக்கு எவன் எங்கள மதிப்பான்? நீங்க சொல்லுங்க மேடம், எடை சரியாத்தானே இருக்குது?”

எடையைப் பொறுத்தவரை அவ்வளவு மோசமில்லை என்றார் புவனேஸ்வரி. எங்கள் வீட்டு வாகே ஒல்லிதான் என்று பெரியவர் முடித்துவிட்டார். ஏலவார்குழலி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

எஸ்தர் டேப்பை எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் இருந்த காப்பின் உள்பக்கம் பட்டு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. தறியில் மிஞ்சிய நூல். மோதிரம் தொளதொளவென்றால் நூல் சுற்றுவார்களே, அதுபோல. எத்தனையோ முறை பார்த்ததுதான். இவ்வளவு நாளும் அதை அலங்காரம் என்று எண்ணியிருந்தாள், நேற்று டேப் சுற்றிய பிறகுதான் பொறி தட்டியது.

“காப்பக் கழட்டச் சொல்லல ஐயா. வேண்டுதல் அப்பிடியே இருக்கட்டும். இந்த நூல மட்டும் பிரிச்சிக்கறேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள். முதலில் அரக்கு வந்தது. இது எப்போது சுற்றியது என்று ஏலவார்குழலியைக் கேட்டாள். சித்திரையில் நெய்த சேலை என்றாள் அவள் மெதுவாக. அடுத்தது கத்திரிப்பூ, அது பங்குனி. அதற்கடியில் மாம்பழ மஞ்சள், மாசி. கடைசியில் பச்சை, தையில் முடித்த கல்யாணச் சேலையின் மிச்சம். காப்பு நழுவி விழுந்தால் வேண்டுதலுக்கு ஆகாது என்று பயந்து, தளர்ந்தபோதெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றினேன் என்றாள். கையில் எது மிச்சம் இருந்ததோ அதைச் சுற்றியிருக்கிறாள்.

கடைசி நூலும் வந்த பிறகு எஸ்தர் குழந்தையின் கையைத் தூக்கிப் பிடித்தாள். காப்பு மணிக்கட்டில் நிற்கவில்லை. முழங்கையில் ஒரு கணம் தட்டி, அதையும் தாண்டி, அக்குள் வரை போய் நின்றது. நீலா அதை வேடிக்கை பார்த்தாள், அப்போதும் அழவில்லை.

“கார்த்திகையில நீங்க போட்ட காப்பு ஐயா. அன்னைக்கு இது எங்க நின்னுது?”

கலியாணசுந்தரம் தரையில் கிடந்த நாலு நிற நூலையும் பேத்தியின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு சேலையும் அவர் கையெட்டும் தூரத்தில் நெய்தது, ஒவ்வொரு மாதமும் அவர் கண் முன்னால் போனது.

“இதே நூல மாசாமாசம் நானும் பாத்தேன். அழகுக்குச் சுத்தியிருக்கீங்கன்னு நெனச்சிக்கினு சும்மா இருந்தேன். தப்பு எம்மேலயும் இருக்குது. அதுக்காக இன்னொரு தடவ சும்மா இருக்க மாட்டேன்” என்றாள் எஸ்தர்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே திரும்பி, தறியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ கூப்பிடச் சொல்லி மகன் கதிர்வேலுக்குக் குரல் கொடுத்தார். போகும்போது குழந்தையை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டார். அந்தக் காப்பை ஒரு கையால் மணிக்கட்டிலேயே பிடித்தபடி போனார்.

தெருவுக்கு வந்ததும் புவனேஸ்வரி, ஒன்று மஞ்சள் என்கிறது, ஒன்று சிவப்பு என்கிறது, மேலே கேட்டால் எதை நம்பினேன் என்று சொல்வது என்று கேட்டார்.

“எது சிவப்போ அத” என்றாள் எஸ்தர்.

வெள்ளிக்கிழமை பலகை வேறொரு மையத்துக்குப் போனது. எஸ்தர் விழாவுக்குப் போகவில்லை. சாயங்காலம் வார்டுக்குப் போய், நீலா முதல் முறையாகப் பாலுக்கு வீறிட்டு அழுததைக் கேட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலை மையத்தைத் திறந்ததும் சுவரில் காலியாக இருந்த ஆணி கண்ணில் பட்டது. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி அதில் மாட்டினாள்.