அசலோடு ஒப்பிட்டேன்

அருப்புக்கோட்டையில் நான் நோட்டரி வக்கீல். போன கோடையில் ரெட்டியபட்டிப் பக்கமிருந்து இரண்டு பேர், கணவனை இழந்த, பிள்ளையில்லாத தங்கள் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா விட்டுப்போன பருத்திக்காட்டில் அவர் தன் பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பதாக முத்திரைத்தாளில் எழுதியிருந்தது. நான் சீல் வைத்தால் போதுமாம்.

எனக்கு எரிச்சல் வந்தது. "என் சீலுக்கு நிலம் கைமாறாதுய்யா. பத்திர ஆபீசுக்குப் போங்க" என்றேன்.

"அங்க போனா அக்காட்ட கேள்வி கேப்பாக" என்றான் மூத்தவன்.

அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "வச்சு விட்டுருங்க சார். நான் இவுகளோடதான வீட்டுக்குப் போகணும்."

நான் வைக்கவில்லை. சட்டம் இடம் கொடுக்கவில்லை.

இருபது நாள் கழித்து மூத்தவன் மட்டும் வந்தான். அக்காவின் இறப்புச் சான்றிதழையும் அதன் ஜெராக்ஸையும் மேஜையில் வைத்தான். அக்கா பங்குக்குத் தம்பிகள்தான் வாரிசு என்று சான்று வாங்க எழுதிப்போடப் போகிறானாம்.

"இதுக்கு நீங்க சீல் வைக்கலாம்ல, சார்?"

வைக்கலாம். அசலையும் நகலையும் வரிவரியாக, வேண்டுமென்றே நேரம் கடத்தி ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சீலை எடுத்தேன்.