முகம் திரும்பிய மயில்

பயம் வந்தால் வத்ஸலாவுக்குச் சாமி ஞாபகம் வந்துவிடும். அன்று காலையிலிருந்தே பயம்தான். சின்ன காஞ்சிபுரத்தில் புறப்பட்டபோது வரதராஜரை வேண்டிக்கொண்டவள், நெசவு டிசைன் பள்ளி இருக்கும் பெரிய காஞ்சிபுரம் வந்ததும், ஐயங்கார் வீட்டுப் பெண் என்பதையும் மறந்து ஏகாம்பரநாதரையும் வேண்டிக்கொண்டாள். பரீட்சை என்னவோ அவளுக்கில்லை, அவளிடம் படிக்கும் பரசுராமனுக்கு.

பரசுராமன் நாற்பது வயது நெசவாளி. காய்ச்சலில் பார்வை போயிற்று. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், டிசைன் படிக்கிறேன் என்று வந்து நின்றார். "குருடனுக்குச் சித்திரமா?" என்று ஆபீசே சிரித்தது. இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்றார் பிரின்சிபால்.

பிடிவாதத்தில் வத்ஸலாவை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டத்தாளில் பூ வரும் கட்டங்களை ஊசியால் குத்துவாள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக இருக்கும். பரசுராமன் அதைத் தடவிப் பார்த்து, ஓட்டை போட்ட பலகையில் குச்சி செருகிப் பூவைக் கொண்டுவந்துவிடுவார். கோபுரக் கரை, ருத்திராட்சம், மல்லிமொக்கு எல்லாம் அச்சு அசல்.

பரீட்சைக்கு வந்தது மயில், அதுவும் வலப்பக்கம் பார்க்கும் மயில். பரீட்சை நடத்த வந்த அதிகாரியின் கண்ணெதிரில்தான் குத்திக் கொடுத்தாள்.

கடைசிக் குச்சியும் ஏறியபின் எட்டிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. பலகையில் மயில் இடப்பக்கம் பார்த்தது. கோபுரத்துக்கும் மொக்குக்கும் இரண்டு பக்கமும் ஒன்று. தாளைத் திருப்பினால் வலது இடதாகிவிடும் என்பது வருஷம் முழுக்க அந்தப் படித்த மண்டையில் உறைக்கவே இல்லை! வாயைத் திறந்தால், டீச்சரே உதவி செய்தாள் என்று பரீட்சையையே ரத்து செய்துவிடலாம். திறக்காவிட்டால் மனுஷன் கதை முடிந்தது.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "கேட்டது ஒண்ணு, போட்டது ஒண்ணு." சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"சார், தப்பு என்னோடது." வத்ஸலா தாளின் மேடான பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். "கண்ணை மூடிண்டு இந்தத் தாளைத் தடவிப் பாருங்கோ."

அதிகாரி அவளை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். விரல் தட்டுத் தடுமாறி அலகுக்கு வந்து நின்றது.

"இடது பக்கம்தான் பாக்குது. கொடுத்ததைத்தான் போட்டிருக்கார்," என்று 'பாஸ்' எழுதிவிட்டு எழுந்து போனார்.

"இன்னா டீச்சர் ஆச்சு? தப்பா போட்டுட்டேனா?"

"நீங்க சரியாத்தான் போட்டேள். நான்தான் தாளைத் தப்பாக் குத்திட்டேன். பாஸ் போட்டுட்டார்."

"அது கெடக்கட்டும்மா. சார் நெஜமாவே கண்ண மூடிக்கினாரா?"

"மூடிண்டார்."

பரசுராமன் வாய்விட்டுச் சிரித்தார். வத்ஸலாவுக்குத்தான் அழுகை வந்தது.