சீட் கவருக்கு அடியில் இருந்த பெல்ட்

புதுக் கார் வாங்குகிறவர் முதலில் போவது கோயிலுக்கு. சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு அடுத்து வருவது என்னை மாதிரி சீட் கவர் போடுகிறவனிடம்.

செகந்திராபாத் திருமுல்கேரியில் பன்னிரண்டு வருஷம் அப்படி ஒரு கடை வைத்திருந்தேன். மாதாபூர் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்து, தமிழ்நாட்டிலிருந்து இளவட்டங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கி, கல்யாணம் ஆன மறுவருஷமே லோன் போட்டுக் கார் எடுத்த காலம் அது. தமிழ் பேசுகிற கடைக்காரன் ஒருத்தன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு குகட்பள்ளியிலிருந்துகூட டிராஃபிக்கில் நீந்தி வருவார்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பதால் என் தமிழில் தெலுங்கும் உருதுவும் கலந்திருக்கும். அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கலர் பார்ப்பார்கள்.

கடையில் நானும் கரீம் பாயும்தான். நான் பேசுவேன், அவர் தைப்பார். பின்சீட்டின் இடது ஓரத்தில் கடைப் பெயர் போட்ட சின்னச் சிவப்பு லேபிள் ஒன்றைத் தைத்துவிடுவது எங்கள் வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. பின்சீட் பெல்ட்டின் பக்கிளை மெத்தைக்கு அடியில் அழுத்தி, பட்டையைச் சுருட்டிச் சாய்மானத்துக்குப் பின்னால் தள்ளி, மேலே கவரை இழுத்துத் தைத்து மூடிவிடுவோம். சீட் வழவழவென்று அம்சமாக இருக்கும். பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போன எல்லோரும் இந்தக் குற்றத்தில் எனக்குக் கூட்டாளிகள் என்பதால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

குத்துகிற சாமான்

ஈரோட்டுக்காரர் ஒருவர் புதுக் காரோடு வந்தார். கூடவே மனைவியும் எட்டு மாதக் கைக்குழந்தையும். நான் கலர் புத்தகத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. நேராகப் பின்கதவைத் திறந்து, சீட்டின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த பக்கிளைக் காட்டினார். பிள்ளையைப் படுக்கவைத்தால் அது முதுகில் குத்துகிறதாம். அறுத்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

அறுக்க வேண்டாம், ஒளித்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். கரீம் பாய் வேலையை முடித்ததும் அந்த அம்மாள் உள்ளங்கையால் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தையை அங்கேயே படுக்கவைத்துக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார். பின்னால் எப்போதாவது பெல்ட் வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன். அவர் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறகால உக்கார்றவங்களுக்கு எதுக்குங்ணா பெல்ட்டு? போலீஸ்காரன் முன்னாடி சீட்டத்தானுங்க பாக்குறான்."

ஸ்டீரிங்குக்கு மெத்தை

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். அவர் அலுவலகத்தில் தீ விபத்துப் பயிற்சி நடத்துகிற குழுவுக்கு அவர்தான் தலைவர். மணி அடித்தால் நானூறு பேர் மாடிப்படி வழியாக எப்படி வரிசையாக இறங்க வேண்டும் என்று கடையில் நின்றபடியே எனக்குப் பாடம் நடத்தினார். அவருக்கு வேண்டியது ஸ்டீரிங் கவர். சாதாரணக் கவர் போதாது, உள்ளே இரண்டு மடங்கு ஸ்பாஞ்சு வைத்துத் தைக்க வேண்டும் என்றார்.

காரணம் கேட்டேன். நாலரை வயது மகனைத் தினமும் பள்ளிக்கூடம் வரை மடியில் உட்காரவைத்துத்தான் ஓட்டுகிறாராம். சட்டென்று பிரேக் போட்டால் பையனின் தாடை ஸ்டீரிங்கில் இடிக்கிறதாம். தாடைக்கு அங்கே என்ன வேலை என்று அவருக்கும் தோன்றவில்லை, அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. நல்ல தடிமனாகத் தைத்துக் கொடுத்தோம். பையன் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தான். தமிழ் புரிகிறது, வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு. காரை ஓட்டுவது நீயா, அப்பாவா என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: "நேனே நடுப்புதானு அங்கிள். டாடிக்கு பிரேக் மட்டும்தான்."

அத்தைக்கு இடம்

மதுரைக்காரத் தம்பதி. அமெரிக்காவில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள். டிக்கிக்கு ரப்பர் மேட் போட அளவெடுக்கலாம் என்று திறந்தால், உள்ளே பாலிதீன் உறை போட்ட ஒரு குழந்தை சீட். அந்தச் சைஸ் சீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. இறக்கிவைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாரும் கொக்கியும் மெத்தையுமாக, ராஜா வீட்டுப் பிள்ளை உட்காருகிற மாதிரி இருந்தது.

அந்த ஊரில் இது இல்லாமல் பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவே விடமாட்டார்களாம். நர்ஸ் கார் வரைக்கும் வந்து, வாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனாளாம். கணவர் இதைப் பெருமையாகச் சொன்னார். அப்புறம் ஏன் டிக்கியில் கிடக்கிறது என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: "அங்க நாங்க மூணு பேருதாண்ணே. இங்க அத நடு சீட்டுல வச்சா, எங்க அத்தை டிக்கியிலதான் உக்காரணும்."

என் வீட்டுக் கார்

ஊரான் கதையை மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது. என்னிடமும் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. என் மகள் ஜனனிக்கு அப்போது மூன்று வயது. அவள் ஒரு நாளும் உட்கார்ந்து வந்ததில்லை. முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஆட்டோவுக்கெல்லாம் டாட்டா காட்டுவாள். திருப்பத்தில் சாய்ந்தால் என் தோளில் விழுவாள். விழுந்தால் சிரிப்பாள். எனக்கும் அது பிடித்திருந்தது. பின்சீட்டு பெல்ட் வழக்கம்போல கவருக்கு அடியில். கரீம் பாய் முதலாளி வண்டி என்று கூடுதல் கவனத்தோடு தைத்திருந்தார். ஒரு நாள் வீட்டில் நான் ரெக்சின் தரத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: "நாள் முழுக்க சீட்டு சீட்டுன்னு பேசறீங்களே, நம்ம பொண்ணு என்னைக்காவது சீட்டுல உக்காந்திருக்காளா?"

துப்பட்டா

ஒரு சனிக்கிழமை காலை. சைனிக்புரியில் குடியிருக்கும் கல்பனா என்ற பெண் வந்தார். திருச்சிக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுக் கூட்டிவருவதற்காகப் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. மேலுதட்டில் தையல் போட்டு, வீங்கி, கறுத்திருந்தது. பின்சீட்டுக்குப் புதிதாக பெல்ட் வைக்க முடியுமா என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னார். குழந்தைக்கென்று கடையில் நல்ல சீட்டாகப் பார்த்து வாங்கிவிட்டார். அதைக் கட்டுவதற்குக் காரில் பெல்ட்டைத் தேடினால் காணோம். இந்த மாடலுக்குப் பின்னால் பெல்ட் கிடையாது என்று நினைத்து, அதைப் பின்சீட்டில் வைத்து, தன் துப்பட்டாவால் முன்சீட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். நாலு நாளைக்கு முன் குறுக்கே ஒரு நாய் ஓடியிருக்கிறது. பிரேக் போட்டதும் முடிச்சு நழுவி, சீட் குழந்தையோடு குப்புற விழுந்துவிட்டது. அவர் அழாமல்தான் சொன்னார். குழந்தையின் தலையை மட்டும் தடவிக்கொண்டே இருந்தார்.

பின்கதவைத் திறந்தேன். சந்தன நிற ரெக்சின், பழுப்பு ஓரம், இரட்டைத் தையல். கரீம் பாயின் தையல் எனக்குத் தெரியாதா? இடது ஓரத்தில் சிவப்பு லேபிள். என் கை தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. சில வண்டிகளில் பெல்ட் கவருக்கு உள்ளே போய்விடும், பார்க்கலாம் என்று ஏதோ சொன்னேன். கரீம் பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் பிளேடை எடுத்துத் தன் தையலைத் தானே பிரித்தார். நாங்கள் சுருட்டித் திணித்த மடிப்புக் கலையாமல் பட்டை வெளியே வந்தது.

குழந்தை சீட்டை வைத்து பெல்ட்டை மாட்டியபோது 'டக்' என்று ஒரு சத்தம். பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. வெட்கமாக இருந்தது. கூலி வேண்டாம் என்றேன். அது தாராளம் இல்லை, பயம். கல்பனா குழந்தையை உட்காரவைத்து வாரை மாட்டிவிட்டு, நிமிராமலே சொன்னார்: "இதத் தச்சவங்க வீட்டுல குழந்தையே இருக்காது போலண்ணா."

பிரித்த தையல்

கரீம் பாய் அன்று மத்தியானம் வரை தையல் மெஷினை விட்டு எழவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, இனிமேல் பெல்ட்டை மூடச் சொன்னால் தன் கை தைக்காது, நக்கோ சேட், வேண்டாம் முதலாளி, என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போய் என் காரின் கவரை நானே அறுத்தேன். ஒழுங்காகக்கூட அறுக்கவில்லை. அடுத்த வாரம் ஜனனிக்கு ஒரு சீட் வாங்கினேன். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் திருமுல்கேரியிலிருந்து குகட்பள்ளியில் என் தங்கை வீடு வரை ஊரைக் கூட்டினாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி பார்த்தார்கள். மூன்றாவது வாரம், அதில் உட்கார்ந்தாலும் ஆட்டோவுக்கு டாட்டா காட்ட முடியும் என்று கண்டுபிடித்து அமைதியானாள்.

பிறகு கடை நோட்டில் இருந்த போன் நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசினேன். வண்டியைக் கொண்டுவாருங்கள், பெல்ட்டை வெளியே எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். காசு வேண்டாம் என்றதும் பலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கவரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்று வைத்தவர்கள்தான் அதிகம். மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார், மூன்று தடவையும். ஈரோட்டுக்காரர் மட்டும் நான் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விசாரித்தார்: "ஏனுங்ணா, போலீஸ்காரன் இப்பப் பொறகாலயும் பாக்க ஆரம்பிச்சுட்டானுங்களா?"

லேபிள்

ஐந்தாறு மாதம் கழித்து ரப்பர் மேட் வாங்க கல்பனா வந்தார். குழந்தை பின்சீட்டில் வாருக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் மெல்லிய கோடு மட்டும் மிச்சம். அன்று ஜனனியும் கடையில் இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவளைக் காட்டி, உங்கள் மகளா என்று கல்பனா கேட்டார். ஆமாம் என்றேன். சொன்னதும் அவருடைய அந்தப் பழைய வார்த்தை எனக்கு நினைவு வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இத்தனை மாதமும் அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் போன் போட்டுப் பேசியவன், பேச வேண்டிய ஒருத்தரிடம் பேசவில்லை. மேட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்தபோது, அந்த பெல்ட்டை மூடித் தைத்தது நாங்கள்தான் அம்மா, அன்றைக்கு மறைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் மேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "தெரியும்ணா. அந்த லேபிள்ல கடைப் பேரப் பாத்துத்தானே அன்னைக்கு இங்க வந்தேன்."

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பெல்ட்டை மூடித் தைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே செகந்திராபாத்தில் பழைய கார் வாங்கியவர்கள் பின்சீட்டின் இடது ஓரத்தில் சிவப்பு லேபிளைக் கண்டால், என்னைத் திட்டுவதைச் சற்றுத் தள்ளிவைத்து, முதலில் கவருக்கு அடியில் கையை விட்டுத் தேடிப் பாருங்கள்.