எண்ணூரில் ஒரு பிடி மண்

நவம்பர் இரண்டு, சனிக்கிழமை, கல்லறைத் திருநாள். காலை ஏழு மணிக்குத் திருச்சி ரயிலில் எழும்பூர் வந்து இறங்கினேன். கடற்கரை நிலையம் போய் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தேன். எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ராயபுரத்தில் ஏறிய மீன்காரம்மா கூடையை என் காலடியில் இறக்கிவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"தாய் வூட்டுக்கா போற?"

"எப்படிம்மா தெரியும்?"

"சண்டைக்குப் போற மூஞ்சி. வேற எங்க போவ?"

பொல்லாத அம்மா! சரியாகத்தான் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் என் தாயை அடக்கம் செய்தபோது, குழியில் மண் போடக் குனிந்தேன். தம்பி சேவியர் என் கையைத் தட்டிவிட்டான். வேறு மதத்துக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கு உரிமை இல்லையாம். பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட விடாதவனைச் சாகும்வரை மன்னிப்பதில்லை என்றிருந்தேன்.

போன மாதம் திருச்சிக் கோயிலில் ஒரு வேத வசனம் வாசித்தார்கள். பீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகிறவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய்ச் சமாதானம் ஆகவேண்டும். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அடிபட்டவள் நான், நானா போகவேண்டும்? தினமும் அதைப் படித்துப் படித்துச் சண்டை போட்டேன். தப்பு யார்மேல் என்று அந்த வசனம் கேட்கவே இல்லை, போ என்கிறது. அன்றிலிருந்து கோயிலில் காணிக்கைத் தட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவேன்.

எண்ணூர் நிலையத்திலிருந்து ஆட்டோ, அறுபது ரூபாய். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார் ஆட்டோக்காரர். ஊரே அங்கே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. அடக்கத்தன்று பார்த்த மரச்சிலுவைகள் போய் எல்லாம் சிமெண்டும் டைல்ஸுமாக மாறியிருந்தன. மூலையில் இருந்ததைப் பெயர்கூடப் பார்க்காமல் அம்மாவுடையது என்று கழுவி, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, வாய்விட்டு அழுதேன்.

"யக்கா, அது எங்க நைனா. உனுக்கு அவுரு இன்னா ஒறவு?" என்றான் ஒருவன். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மானமே போயிற்று.

பின்னாலிருந்து ஒரு குரல். "யக்கா, அம்மா இங்க கீது."

சேவியர். தலை நரைத்திருந்தது. அவன் காட்டிய கல்லறைக்குச் சுற்றிலும் சுவர் எழுப்பி வெள்ளையடித்திருந்தான். மேலே மட்டும் பூசவில்லை, வெறும் மண்.

"மேலே ஏன்டா பூசாமல் விட்டே?"

"நீ மண்ணு போடல இல்ல. எப்டி மூடறது?" என்றான். பிறகு தரையைப் பார்த்தபடி, "வலை இழுக்கசொல்ல எல்லாம் இந்தக் கைதான் கண்ல படுது. உன்னத் தட்டுன கை. தப்புக்கா" என்றான்.

திருச்சியிலிருந்து ஒத்திகை பார்த்து வந்த வசவையெல்லாம் விட்டுவிட்டு மண் அள்ளக் குனிந்தேன். அவனே ஒரு பிடி மண் அள்ளி என் கையில் வைத்தான். போட்டேன். இருவரும் அழுதோம்.

சாயங்காலம் ரயிலேற்ற வந்தவன், "நாளிக்கே மேஸ்திரிய இட்டாந்து பூசிடறேன்" என்றான்.

"பூசாதேடா. அடுத்த வருஷமும் வருவேன்."

மறுநாள் ஞாயிறு. திருச்சிக் கோயிலில் காணிக்கைத் தட்டு வந்தது. என் நகக்கண்ணில் எண்ணூர்க் கருமண் ஒட்டியிருந்தது. இந்த முறை தட்டைத் தள்ளிவிடவில்லை.