சந்தனம் பூசிய வளைவு

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. தியாகதுருகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் பாதி மோட்டார் என் கை பட்டுத்தான் ஓடியது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆசைக்கு வைத்திருந்தது ஒரு பொம்மை ரயில். மாடி அறையில் பழைய கதவுப் பலகையைக் கிடத்தி, அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, ஓரத்தில் காகிதக் கூழால் ஒரு கல்வராயன் மலையும் செய்து வைத்திருந்தேன்.

என் மனைவியின் அண்ணனுக்கு நிஜ ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. அதே வேலைக்கு நானும் எழுதிப்போட்டேன். அவருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேருக்கு நடுவில், "மாப்ளைக்கு ரயில்வே வேல கெடைக்கல, அதான் வூட்லயே ரயிலு வுட்டுக்கினு இருக்காரு" என்றார். அதற்குமேல் எனக்குப் பாயசம் இறங்கவில்லை. "ஆயுத பூஜ முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கெழம வந்து பாருங்க மச்சான்" என்றேன். அவர் முன்னால் அந்த ரயில் நிற்காமல் ஓடியே ஆகவேண்டும்.

அவர் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது வண்டி மலையோரத்து வளைவில் நின்றது. தள்ளிவிட்டால் ஒரு சாண் போகும், மறுபடி நிற்கும். இணைப்புத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறுக்கினேன். வயரை மாற்றினேன். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் வளைவு நெடுகப் பளிச்சென்று எரிகிறது. கரண்டு இருக்கிறது, வண்டி மட்டும் போகவில்லை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

கோபத்தைக் காட்ட ஆள் வேண்டுமே. மனைவியைப் பிடித்துக்கொண்டேன். "ஈரத்துணி போட்டுத் தொடச்சியா? உன்ன யாரு தொடச் சொன்னது?"

"நான் மேல வந்தே ஒரு மாசம் ஆவுதுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை டீ கொண்டுவந்தவள் வண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து தண்டவாளத்தின்மேல் விரலை ஓட்டினாள். "இன்னாங்க, இந்த எடம் மட்டும் சொரசொரன்னு இருக்குது?" நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். "சந்தனம்."

ஆயுத பூஜையன்று கடையில் சுத்தியல், ஸ்பேனர் முதல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அதே கையோடு மாடிக்கு வந்து எஞ்சினுக்கு ஒன்றும், வளைவு நெடுக வரிசையாகவும் வைத்தது நான்தான். மறுநாள் காய்ந்த துணியால் தட்டிவிட்டதோடு சரி. மோட்டாரின் உடம்பில் சந்தனம் இருந்தால் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் பொம்மை ரயில் கரண்டு வாங்குவதே சக்கரம் படுகிற அந்த மேல்பக்கத்தில்தான். டெஸ்ட் லாம்பின் கூர்முனை சந்தனத்தைக் கீறிக்கொண்டு இறங்கியதால் எரிந்திருக்கிறது. சக்கரத்துக்குக் கூர் ஏது?

கீழே போய்த் துணியை நனைத்து எடுத்துவந்தாள். "இப்ப ஈரத்துணி போடலாங்களா?" நான் வண்டியைத் தூக்கி வழி விட்டேன். அவள் துடைத்து, உலர்த்தி, நகர்ந்துகொண்டாள். வண்டி சுற்றிவந்தது.

ஞாயிறன்று மச்சான் வந்தார். பலகையோரம் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வேலையில் பார்ப்பதுபோலவே தண்டவாளத்தை நேர் பார்த்தார். "லெவலு சரியா இருக்குது. ஜாயிண்ட்ல குலுக்கலே இல்ல. யாரு மாப்ள மெயின்டனன்ஸு?"

நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. "லைனு போட்டது நானு. நின்னுபோனப்ப காரணத்தக் கண்டுபுடிச்சது உங்க தங்கச்சி" என்றேன்.

"சந்தனம் பூசி நிறுத்துனதும் அவருதாண்ணா" என்றாள் அவள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் சிரித்து முடித்தவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாள் பூரா வெயிலில் நிஜத் தண்டவாளத்தில் நடக்கிற மனுஷன், "இன்னொரு ரவுண்டு வுடுங்க மாப்ள" என்றார். எட்டுச் சுற்று முடிந்தும் எழுந்திருக்கவில்லை.