தரகர் கை நனைத்த மதியம்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் எனக்கு முன்பே ஓர் ஆயில் எஞ்சின் வந்து சேர்ந்திருந்தது. கிணறு வெட்டும் இடங்களில் ஊற்றுத் தண்ணீரை இறைத்துத் தள்ளுகிற எஞ்சின். தண்ணீரை வெளியே தள்ளினால்தான் ஆள் உள்ளே இறங்கி மேற்கொண்டு பாறையை உடைக்க முடியும். விராலிமலைக்குக் கிழக்கே யார் கிணறு வெட்டினாலும் என் வீட்டுக்காரரைத் தேடி ஆள் வரும். எஞ்சினை ஒரு தட்டு வண்டியில் பொருத்தி, அந்த வண்டிக்குப் பழைய லாரிச் சக்கரம் மாட்டி வைத்திருந்தார். எங்கள் காளைகள் இரண்டையும் பூட்டி இழுத்துக்கொண்டு போவார். போனால் வேலை முடிகிற வரைக்கும் மாடும் அங்கே, மனுஷரும் அங்கே.

என் மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "இவ எம் மகனுக்கு ரெண்டாந்தாரம். மூத்தவ அந்தா எண்ணெயக் குடிச்சுட்டு கொட்டகையில நிக்கிறா."

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு புண் இருந்தது. என் பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம், முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே. என் அண்ணன் கல்யாணத்தன்று காளைகள் யாருடைய கிணற்றடியிலோ நின்றன. பஸ்ஸில் கிளம்பினேன். புதுக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், காத்திருந்தேன், அது வந்தபாடில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "வா ஆத்தா. சோறு, குழம்பெல்லாம் தீந்துபோச்சு. ரசம் இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து ஊரில் எனக்கு 'ரசத்துக்கு வந்தவ' என்று பேர். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

பிறகு என் தங்கைக்கு வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமானது. விடிந்ததும் முகூர்த்தம். நான்தான் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நிச்சயதார்த்தத்தன்று என் காதோரமாக வந்து, "யக்கா, எனக்காவது சோத்துக்கு வந்துரு" என்றாள். அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். "ஒரு வண்டி வாங்குங்க. எஞ்சினை அது இழுக்கட்டும். நல்லது கெட்டதுக்கு நாமளும் அதுல போவோம்."

அவருக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்திருக்கிறது. டிராக்டர் ஓட்டப் பழகி லைசென்ஸ்கூட எடுத்து வைத்திருந்தார். "வாங்கினா டீசல் வண்டிதான்" என்றார் உடனே. "எஞ்சினுக்குன்னு பீப்பாயில வாங்கி வச்சிருக்கோம்ல? ஒரே பீப்பாய், ரெண்டு வாய்." புது வண்டி எங்கள் கைக்கு எட்டாது. நாலு கை மாறி வந்ததானாலும் சரி, எஞ்சினையும் இழுக்க வேண்டும், நாங்கள் எல்லோரும் உட்காரவும் வேண்டும். அதுதான் எங்கள் கணக்கு.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு தரகர் வந்தார். தொந்தி, ஜவ்வாது வாசனை, தோளில் சரிகைத் துண்டு. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன என்றாலும், புதுக்கோட்டையில் பழசாக எது விலைக்கு வந்தாலும் அது சமஸ்தானத்துச் சாமானாகத்தான் இருக்கும். நாற்காலியா, சமஸ்தானத்து நாற்காலி. கடிகாரமா, சமஸ்தானத்துக் கடிகாரம். தரகர் முதலில் கொண்டுவந்ததும் ஒரு சமஸ்தானத்துக் கார்தான். கறுப்பாக, நீளமாக, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தது.

மாமியார் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இறங்கவில்லை. "ஏ புள்ள, இங்கிட்டு வந்து ஒக்காந்து பாரு. மெத்தையில படுத்த மாதிரி இருக்கு. கண்மாயில வேல பாத்த ஒடம்புக்கு இதெல்லாம் தாங்குமா?" என்றார் என்னிடம்.

என் வீட்டுக்காரர் மட்டும் பின்பக்கம் குனிந்து பார்த்தார். எஞ்சின் வண்டியைக் கயிற்றால் பிணைத்து, "எடுங்க" என்றார். தரகர் எடுத்தார். காரின் பின்புறம் தரையோடு உட்கார்ந்தது. முன்புறம் வானத்தைப் பார்த்தது. நாலடி நகர்ந்து, புகையைக் கக்கிவிட்டு நின்றேபோனது.

"மூஞ்சியத் தூக்கிக்கிட்டா எங்க மருமக இப்பிடித்தான்" என்றார் மாமியார், உள்ளேயிருந்தபடியே.

"ராஜா வூட்டு வண்டிங்க, இழுத்துப் பழக்கமில்ல" என்றார் தரகர்.

"அப்ப எங்க வூட்டுக்கு ஆகாதுங்க. இங்க எல்லாரும் இழுக்கணும்" என்றார் இவர்.

அடுத்த முறை தரகர் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார். அதிலும் டீசல் எஞ்சின் மாற்றியிருந்தார்கள். ரோடு போடும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் ஓடிய வண்டி. பின்னால் தகரத்தில் கூண்டு கட்டி இரண்டு பலகை போட்டிருந்தது. இழுப்பதற்கு வசமாக இரும்புக் கொக்கியும் இருந்தது. "இதுவும் சமஸ்தானந்தாங்க" என்று அவர் ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஏன் தரகரே, நீங்க கொண்டுவர்ற வண்டியெல்லாம் ராஜா வச்சிருந்தா, ராணி எங்க நிப்பாங்க?"

எஞ்சினைக் கொக்கியில் மாட்டினார்கள். ஜீப் மூச்சுக்கூட வாங்கவில்லை. கண்மாய்க்கரை வரை இழுத்துப் போய்த் திரும்பி வந்தது. இவர் முன்மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு காது வைத்துக் கேட்டார். எந்த எஞ்சினையும் ஓடும் சத்தத்தை வைத்துத்தான் எடை போடுவார். அது அவர் பழக்கம். "தாளம் தப்பல" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி. அப்பொழுதே முன்பணம் கொடுத்துவிடுவார் போலிருந்தது. எனக்கும் அந்தப் பலகையில் கைக்குழந்தையாக இருந்த என் மகளை மடியில் வைத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டைத் தெருவுக்குள் நுழைகிற மாதிரி ஒரு காட்சி ஓடியது.

மாமியாருக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. அதற்கு வண்டி காரணமில்லை. தரகர் அன்றைக்கும் சாப்பிடாமல் கிளம்புகிறார் என்பதுதான் காரணம். முதல் தடவையும் அப்படித்தான் போனார். எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. தரகர் அதைத்தான் சாக்காகச் சொன்னார். "யாவாரம் முடியட்டும் ஆத்தா. அப்புறம் வந்து கை நனைக்கிறேன்."

"நீ என்ன பொண்ணா எடுக்க வந்திருக்கே? வித்துட்டுப் போக வந்தவன்தானே? ரெண்டு தரம் வாசல் வரைக்கும் வந்துட்டு வெறும் வயித்தோட போனா, ஊரு என்னையத்தான் பேசும்."

"வண்டி ஓடிக்கிட்டு நிக்குது ஆத்தா."

அப்போதுதான் நானும் கவனித்தேன். வந்ததிலிருந்து ஜீப் ஓடிக்கொண்டேதான் நின்றது. ஆனால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வண்டி என்றால் இப்படித்தான் இரைச்சல் போடும்போல என்று இருந்துவிட்டேன்.

"ஓடுனா நிப்பாட்டு. புள்ள இப்பத்தான் தூளியில கண்ண மூடிருக்கு. புகை வேற அடுப்படிக்குள்ள வருது" என்றார் மாமியார். "நாட்டுக்கோழி அடிச்சு அடுப்புல கெடக்கு. போறவன் அதைத் தாண்டிப் போய்ப் பாரு."

கோழிக் குழம்பின் வாசனை சரியாக அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தது. தரகர் ஜீப்பைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். மறுபடியும் ஜீப்பைப் பார்த்தார். பாவம், அவரும் மனுஷர்தானே. சாவியைத் திருகினார். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

இலை போட்டோம். மாமியார் பரிமாறினால் யாரும் கையை மறித்துத் தப்ப முடியாது. மறித்த விரல்களின் மேலேயே சோறு விழும். "இன்னும் ஒரு கரண்டி. என்ன இது, காக்காய்க்கு வச்ச மாதிரி சாப்பிடுறே?" தரகர் முதலில் அவசரமாகச் சாப்பிட்டார். வறுவல் வந்ததும் அவசரம் குறைந்தது. ரசத்துக்கு வரும்போது சமஸ்தானத்துக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மோர் குடித்து, வெற்றிலை போட்டு, வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் "சும்மா செத்த சாயுறேன்" என்று சாய்ந்தவர், வெயில் தாழ்கிற வரைக்கும் குறட்டை விட்டார்.

எழுந்தவருக்கு ஜீப்பைப் பார்த்ததும் முகத்தில் இருந்த தூக்கமெல்லாம் ஓடிவிட்டது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஜீப் முனகியது. இன்னொரு தரம். முனகக்கூட இல்லை. இவரும் தரகரும் தள்ளிப் பார்த்தார்கள். கூண்டோடு கூடிய கனம், புழுதியில் அசையவில்லை. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. "ராஜாவ வரச்சொல்லுங்கப்பா, அவரு கை பட்டாத்தான் கெளம்பும்போல" என்றார் யாரோ.

கடைசியில் இவர் தொழுவத்துக்குப் போய்க் காளைகளை ஓட்டி வந்தார். நுகத்தடியை மாட்டி, வடக்கயிற்றை ஜீப்பின் முன்னால் கட்டினார். எந்த மாடுகளுக்குப் பதிலாக ஜீப் வாங்கப் போனோமோ, அந்த மாடுகள் ஜீப்பை இழுத்துக்கொண்டு கண்மாய்க்கரை மேட்டுக்கு ஏறின. அங்கே கயிற்றை அவிழ்த்து, இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள். பாதிச் சரிவில் ஜீப் 'படபட'வென்று உயிர் பெற்றது. காளைகள் இரண்டும் வெருண்டு, யாருடைய சோளக்கொல்லைக்குள்ளோ ஓடின.

மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "ஏன்டா தம்பி, மாட்டுக்குப் பதிலா வண்டி. அந்த வண்டிய இழுக்க மாடு. ரெண்டுக்கும் தீனி போட நான் இன்னொரு தரம் பொறந்து வரணுமா?"

தரகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவில்லை. "சூடா இருந்தா தங்கம் ஆத்தா. ஆறிட்டாத்தான் கொஞ்சம் வம்பு பண்ணும். அதான் வர்ற எடத்துலெல்லாம் அணைக்காம வச்சிருப்பேன். உங்க கோழிக்கிட்ட தோத்துட்டேன்."

எனக்குத் தங்கை கல்யாணம் நினைவுக்கு வந்தது. விடிந்ததும் முகூர்த்தம். இருட்டு விலகும் முன் கிளம்ப வேண்டும். இது எழுந்திருக்காவிட்டால் மறுபடியும் ரசந்தான். "வேண்டாங்க" என்றேன் இவரிடம். "நான் முந்தின நாளே பஸ்ஸுல போயிடுறேன்." சொல்லும்போதே தெரியும், முந்தின நாள் என்றால் இங்கே ஏதாவது ஒன்று வந்து நிற்கும்.

இவர் ஜீப்பைச் சுற்றி வந்தார். "இழுப்புல கொறை இல்ல. எஞ்சினுக்குள்ள ரிங்கும், டீசலப் பீச்சுற நாசிலும் தேஞ்சு போயிருக்கும், பாட்டரியும் செத்திருக்கும். மாத்தினா சரியாயிடும்" என்றார். "மாத்த வேண்டியது யாரு?" என்று மாமியார் தரகரைப் பார்த்தார்.

"நாந்தான். இந்த வீட்டுல கை நனைச்சுட்டேன்ல" என்றார் தரகர்.

அந்த மனிதரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். எல்லாம் மாற்றி, முன்பு சொன்ன விலையையும் இறக்கி, ஒரு சாயங்காலம் ஜீப்போடு வந்தார். மாமியார் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். "வண்டியும் தங்கணும், நீயும் தங்கணும். கோழி கூவையில எந்திரிச்சா எங்க வண்டி. எந்திரிக்கலேன்னா ஒன் வண்டி." தரகருக்கு அன்றைக்கும் கோழிக் குழம்பு. காலையில் கோழி கூவியதா, ஜீப் கூவியதா என்று சொல்ல முடியாதபடி இரண்டும் சேர்ந்து கேட்டன. அதன்பிறகு மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு அன்னிக்கே சந்தேகம். வேணும்னேதான் அவனுக்குச் சோறு போட்டேன்." நான் எதிர்த்துச் சொன்னதில்லை.

கல்யாணத்தன்று இருள் பிரியும் முன் நான் பட்டுப்புடவையும் பூவுமாக வெளியே வந்தால், ஜீப்பின் பின்னால் எஞ்சின் வண்டி மாட்டியிருந்தது.

"கல்யாணத்துக்கு இது எதுக்குங்க?"

"அங்கிட்டு ஒரு கிணத்து வேல ஒத்துக்கிட்டேன். போற வழிதானே" என்றார்.

மூத்தவளை விட்டுவிட்டு அவரால் கிளம்ப முடியாது. ஜீப் ஒரே திருகில் கிளம்பியது. ஆனால் எஞ்சினை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் போக முடிந்தது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. முன்பொருநாள் நான் காத்திருந்து காத்திருந்து நொந்த இடம். நான் மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாமியார் பின் பலகையிலிருந்து, "விரட்டாதடா, எனக்குக் குடல் வாய்க்கு வருது" என்றார். அடுத்த நிமிஷமே, "ஏன்டா ஊருறே?" என்றார்.

முந்திரிக் கொல்லைகளைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தோம். மேளக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல், "ஏய், சீரு வருதுடா! பாத்திரம் பண்டம் இல்ல, எஞ்சினையே கொண்டாந்துட்டாக!" என்று கத்தியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் நிஜமாகவே எஞ்சின் அருகில் வந்து தட்டிப் பார்த்தார். அது சீரல்ல என்று எடுத்துச் சொல்ல என் அண்ணன் பட்ட பாடு பெரும்பாடு.

சமையல்காரர்கள் ஆழக் கிணற்றில் கயிறு போட்டு இறைத்துக் களைத்துப்போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, குழாயை உள்ளே இறக்கி எஞ்சினை ஓட்டிவிட்டார். அண்டாக்களெல்லாம் வழிந்தன. தான் சொல்லும் மந்திரம் யார் காதிலும் விழவில்லை என்று ஐயர் கோபித்தபோதுதான் இவர் நிறுத்தினார்.

நான் உள்ளறைக்குப் போனேன். தங்கை ஜடை பின்னி முடிக்காமல், கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீதி ஜடையை நான் பின்னினேன். கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தேன். தாலி கட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன்.

அட்சதை போட்ட கையோடு அடுப்படிக்குப் போனால், எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்த அம்மா பெரிய அடுப்பின் முன்னால் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன ஆத்தா, இவ்வளவு சீக்கிரமே வந்துட்டே? ரசம் இன்னும் கூட்டவே இல்லியே!"