நாவல் மரங்களுக்குப் போட்ட கல்மாவு

எங்கள் நிலத்தின் ஆற்றோரத்தில் நாவல் மரங்கள் வரிசையாக நின்றன. நின்றன என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில், ஒரே பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து வரும் ஊர் எங்களுடையது. தாத்தா காலம் வரைக்கும் எங்களுக்குக் கையளவு நிலம் கிடையாது. நைனாவுக்குத்தான் அரசாங்கம் ஆற்றோரமாகக் கொஞ்சம் நிலம் கொடுத்தது. அந்தச் சரளைக்காட்டைப் பார்த்து ஊரே சிரித்ததாம். நைனா கரையை ஒட்டி நாவல் கன்றுகளை நட்டார். அது நான் பிறந்த வருடம் என்பாள் அம்மா. இல்லை, தங்கை பிறந்த வருடம் என்பார் நைனா. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

மரங்கள் காய்க்க ஆரம்பித்த பிறகுதான் நைனா கூலிக்குப் போவதை விட்டார். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் வயலில் வேலை இருக்காது. முன்பெல்லாம் அந்த மாதங்களில்தான் அவர் வேலை கேட்டு யார் வீட்டு வாசலிலாவது போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். நாவல் பழுப்பதும் அதே மாதங்களில்தான். விடிவதற்குள் நைனாவும் அம்மாவும் பழம் உலுக்கி, கூடைகளில் இலை போட்டு மூடி, முதல் பஸ்ஸில் புத்தூருக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த வரும்படியில் அடுத்த அறுவடை வரைக்கும் அடுப்பு எரியும். "இனிமே ஒருத்தன் வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்று நைனா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். டீக்கடையில் அவரைக் கண்டாலே, "இன்னா, வாசல் பக்கம் வர மாட்டியாமே?" என்று கிண்டல் செய்வார்கள். நைனாவுக்கு அது பிடிக்கும்.

நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் கவுண்டரில் வேலை செய்கிறேன். வாரத்தில் ஒரு நாள் லீவு, ஊருக்கு வந்துவிடுவேன். சீசனில் நான் திரும்பிப் போகும்போது, கூட வேலை செய்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பையைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு எங்கள் கவுண்டரில் எல்லோருடைய நாக்கும் ஊதாவாக இருக்கும்.

ஆற்றுக்கு மேல்பக்கம் ஒரு குன்று உண்டு. அதை வெட்டிக் கல் எடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் பாளம் பாளமாக லாரியில் போனது. பிறகு அங்கேயே கொட்டகை போட்டு, கல்லை அறுத்துப் பாலிஷும் போட்டார்கள். கல் அறுக்கும்போது வாளின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கல்தூளோடு கலந்து, வெளுத்த சாம்பல் நிறத்தில் ஆற்றுக்குள் வந்தது. மாடுகள் அதில் வாய் வைக்கவில்லை. மாட்டுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லாமல் போனதுதான் இந்தக் கதை.

கோடையில் ஆறு வற்றியதும் அந்தத் தூள் மாவு போலப் படிந்து கிடந்தது. தொட்டால் முகப்பவுடர் மாதிரி அவ்வளவு மெத்தென்று இருக்கும்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னால் ஏரி வற்றியதும், அடியில் படிந்த வண்டலை அள்ளி வந்து வயலிலும் மரத்தடியிலும் போடுவோம். தண்ணீர் கொண்டு வந்து படிய வைத்தது எதுவானாலும் வேருக்குச் சத்து என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அந்த வருடம் ஏரி வண்டலைச் செங்கல் சூளைக்காரர்கள் சுரண்டிக்கொண்டு போய்விட்டார்கள். நைனா ஆற்றங்கரையில் நின்று கீழே பார்த்தார்.

"ஏரிக்கு எதுக்குப் போவணும்? ஆறே நம்ம காலடியில கொண்ணாந்து போட்டுக்கீது பாரு" என்றார்.

நைனா அள்ளிக் கொடுக்க, அம்மாவும் நானும் சுமந்தோம். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் பாத்தி கட்டி, அந்த மாவைக் கொட்டித் தட்டிவிட்டோம். மெழுகின வாசல் மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நிலத்துக்காரர்களும் தங்கள் தென்னைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

வைகாசியில் ஒரு நல்ல மழை பெய்தது. பாத்திகள் நிரம்பி நின்றன. "தண்ணி எப்பிடி நிக்குது பாத்தியா? சொட்டு வீணாவல" என்று போனில் சொன்னபோது நைனாவின் குரலில் அத்தனை சந்தோஷம். அடுத்த வாரம் நான் போனபோதும் தண்ணீர் அப்படியே நின்றது, பாசி பிடித்து. நைனா ஒரு குச்சியால் அடியைக் கிளறினார். உள்ளே மண் காய்ந்து கிடந்தது. பாத்தியிலேயே தண்ணீர் நின்றும் வேருக்குப் போய்ச் சேரவில்லை. வெயிலில் தண்ணீர் வற்றியதும் அந்த மாவு சிமெண்டுத் தரை போல இறுகிவிட்டது. கால் வைத்தால் டொக்கென்று சத்தம் கேட்டது.

அந்த ஆனியில் பழங்கள் சுண்டைக்காய் அளவிலேயே உதிர்ந்தன. மறு வருடம் உச்சிக் கிளைகள் கருகத் தொடங்கின. நைனா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் இறுகிய பாத்திகளைப் பெயர்த்தார். ஓடு ஓடாக வந்தது. ஒரு துண்டைப் புரட்டினார். அதன் அடியில் வேர்கள், தலைமுடி போல மெல்லிசான வேர்கள், அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அவர் அந்தத் துண்டைக் கீழே போடவே இல்லை.

"வேரோட வந்துட்சிம்மா" என்றார்.

அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பெயர்த்தாலும் வேர் போகும், விட்டாலும் மரம் காயும். அன்றைக்கு அவர் மிச்சப் பாத்திகளைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. எனக்கு வாய் நீளம். மண்டல ஆபீசுக்குப் போய்க் காய்ந்த இலைகளை மேசை மேலேயே கொட்டினேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சூஸ்தாம்லே அம்மா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். யாராவது வந்து பார்த்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் நிலத்துக்குக் கீழே, சரிவில் புங்க மரங்கள் இருந்தன. யாரும் நட்டவையும் இல்லை, யாரும் அவற்றுக்கு மாவு போடவும் இல்லை. ஆற்றுப் படுகை முழுவதும் இறுகிப் போனதால் அவையும் பட்டுப்போயின. நைனாவைத் தேற்ற எனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. "பாரு நைனா, நீ போடலன்னாலும் நாவல் போயிருக்கும்" என்றேன்.

"புங்கத்துக்கு நான் கையால போடல. இதுக்குப் போட்டேன்" என்றார். சுமந்தவள்தானே நானும். அவருக்குக் கல்மாவைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதையெல்லாம் நான் என் மனதுக்குச் சொல்லிக்கொள்கிறேன். மனது கேட்பதில்லை.

போன ஆனியில் உலுக்குவதற்கு ஒரு மரமும் இல்லை. நான் சம்பளத்தில் கொஞ்சம் கொடுக்கிறேன் என்றதும் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சில நாட்கள் கழித்து அம்மா போனில், "நைனா கூலிக்குப் போய்க்கினு கீறாரு" என்றாள். எங்கே என்று கேட்டேன். அடுப்பில் என்னவோ வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் ஊருக்கு வரும்போது பஸ் குன்றை ஒட்டிப் போனது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கல் அறுக்கும் கொட்டகையில் ஒரு ஆள் ரப்பர் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நிற்கும் விதம் எனக்குத் தெரியும். கண்டக்டரைக் கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"நைனா, இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

அவர் முதலில் தண்ணீரை நிறுத்தினார். புருவமெல்லாம் மாவு. "துன்னியாம்மா?" என்று கேட்டார்.

"இதெல்லாம் எங்க போவுது நைனா?"

"ஆத்துக்குத்தான்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. "வேற எங்கம்மா வுடச் சொல்ற?"

உள்ளேயிருந்து யாரோ தெலுங்கில் அதட்டினார்கள். நைனா மறுபடியும் குழாயைத் திறந்தார். சாம்பல் தண்ணீர் என் கால் பக்கமாக ஓடி வந்தது. நான் தள்ளி நின்று அதற்கு வழி விட்டேன்.